ஏழாம் இலக்கத்தில் விழுந்த கோடு

அன்பு மகனுக்கு,

அந்த வெள்ளிக்கிழமை முன்பள்ளிக் கட்டடத்தில் இருந்தவர்கள் பதினைந்து பேர். உன் கருவியில் சோதிக்கச் சலம், சிறுநீர்தான், கொடுக்க வந்தவர்கள் பன்னிரண்டு: ஆண்கள் எட்டு, பெண்கள் நாலு. படிவம் நிரப்ப வந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர். கட்டடத்துத் திறப்பை வைத்திருக்கிற முன்பள்ளி ஆசிரியை ஒருவர். பிறகு நான். உன் ஆய்வுகூடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. போத்தல்களும் ஐஸ் பெட்டியும் கையுறைப் பெட்டியும் மட்டும் முதல்நாள் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், போகிற இடமெல்லாம் பாயை விரிக்க முன்னர் ஆட்களை எண்ணிக் கொப்பியில் எழுதிப் பழகியவள் நான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆகவே ஆட்கணக்கில் பிழை இல்லை. பிழை இன்னோரிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லலாம்தான். போனில் என்றால் நீ இடையிடையே "சரி அம்மா, விளங்குது அம்மா" என்று சொல்லி என்னை முடிக்க விடமாட்டாய். கடிதத்தில் உன்னால் வாய் திறக்க ஏலாது. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. அவர்களிடம் வருவது வெறும் இலக்கம். அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஒரு ஊர் எப்படிப் புகைந்துகொண்டிருக்கிறது என்று அவர்களும் அறியட்டும். பெயர் என்னிடம், இலக்கம் உன்னிடம் என்று நீதான் சட்டம் போட்டாய். நான் இதில் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. ஆனால் ஏழாம் இலக்கம் ஆரென்று நீ மற்றப் பக்கம் திருப்ப முன்னரே கண்டுபிடிப்பாய். உன் சட்டத்தை உடைக்கிறேன் என்று தெரிந்துதான் உடைக்கிறேன்.

நீ போன் எடுத்த செவ்வாய்க்கிழமை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "அம்மா, மற்றப் போத்தல் எல்லாம் நாங்கள் நினைச்ச மாதிரித்தான். ஏழாம் இலக்கம்தான் இடிக்குது. கிட்னி வருத்தம் இல்லாத ஆள் எண்டு எழுதியிருக்கிறியள். ஆனா அதில கோடு விழுந்திருக்கு," என்றாய். "ஆளை எனக்குச் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப்போட்டு விடுங்கோ. இந்த அளவில புரதம் கசியிறது வழமையான சோதினையில தெரியாது. தெரியிற நேரம் பிந்திப் போயிடும். இப்ப போனா மருந்தோட கனகாலம் இருக்கலாம்." நான் ஓம் என்றேன். "மறக்காமச் சொல்லுவியளோ?" என்று திரும்பவும் கேட்டாய். "ஓம் தம்பி, சொல்லுறன்."

இன்றைக்கு இருபத்திரண்டு நாள். நான் சொல்லவில்லை. மறந்து விடவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஞாபகம் வைத்துச் சொல்லாமல் விட்டேன். முதல் கிழமை முழுவதும் அதை வெற்றிலை மாதிரிக் கொடுப்புக்குள் வைத்து மென்றுகொண்டு திரிந்தேன். அம்மா கோயில் குளம் என்று இருக்கிறவ, அப்படிச் செய்யமாட்டா என்று நினையாதே. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அன்றைய நாளும் சொல்லாமல் விட்டேன்.

உன் கருவியைப் பற்றி நான் விளங்கிக்கொண்டதை முதலில் எழுதவேண்டும். இல்லாவிட்டால் என் பிழை உனக்கு விளங்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் எழுதுவது. தவறு இருந்தால் திருத்து. போன பொங்கலுக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துக் குசினி மேசையில் வைத்தாய். நெருப்புப் பெட்டியிலும் சின்னது. "இதுக்குள்ள ஒரு வாய்க்கால் ஓடுது, அம்மா," என்றாய்.

"எங்க? எனக்கொரு கீறல்தான் தெரியுது."

"அந்தக் கீறல்தான் வாய்க்கால். தலைமயிர் மொத்தம்."

"இரணைமடுக் குளத்தில தண்ணி திறந்தா இதுக்கும் வருமோ?" என்று நான் கேட்க, தேத்தண்ணி உனக்கு மூக்கால் வந்தது. அந்தச் சிரிப்பை நான் ஐந்து வருசத்துக்குப் பிறகு கேட்டேன்.

பிறகு லப்டொப்பைத் திறந்து காட்டினாய். வாய்க்காலின் ஒரு நுனியில் தேசிக்காய்ப் புளி போன்ற புளிப்பு. மறுநுனியில் சவர்க்காரத் தண்ணீர் போன்ற காரம். இடையில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் படிப்படியாக மாறிக்கொண்டு போகிறது. இரண்டு நுனியிலும் மின்சாரத்தைக் கொடுத்தால், புரதங்கள் தங்கள் தங்கள் மின்னேற்றத்துக்கு ஏற்ற பக்கம் ஓடத் தொடங்கும். ஓட ஓட, புளிப்புக்குள்ளும் காரத்துக்குள்ளும் அந்த ஏற்றம் குறைந்துகொண்டு வரும். ஏற்றம் முழுக்க இல்லாமல் போகிற இடத்தில் புரதம் நின்றுவிடும். அப்பால் போனாலும் மின்புலம் பிடித்து இழுத்துவந்து அதே இடத்தில் விடும். ஒவ்வொரு புரதத்துக்கும் நிற்கிற இடம் வேறு. போத்தல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் கலைந்து கிடந்தது அந்த ஓரிடத்தில் கூடிக்கூடி ஒரு கோடாக விழும். ஆயிரம் மடங்கு சேர்ந்துவிடும் என்றாய். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பால் திரையிற மாதிரியோ?" என்று கேட்டேன். தேசிக்காய் விட்டவுடன் பால் ஏன் திரைகிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. ஆனால் புளிப்பு ஒரு அளவுக்கு வரும்போது அது தன்பாட்டில் கூடிக் கட்டியாகிறதை நாற்பது வருசமாகப் பார்க்கிறேன். நீ லப்டொப்பைத் தள்ளி வைத்தாய். "எங்கட சேர் இதை விளங்கப்படுத்த ரெண்டு மணித்தியாலம் எடுத்தவர், அம்மா."

அதற்குப் பிறகு நீ சொன்னதை உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, எனக்கு இருக்கிறது. "நான் பாலை விட்டுத்தான் இதில கை பழகினனான். பாலின்ர புரதமும், கிட்னி பழுதான ஆளின்ர சலத்தில வாற புரதமும் நிக்கிற இடம் கிட்டக்கிட்ட. ஒரு இம்மி பட்டாலும் கோடு விழும். அதுதான் கையுறை போடாம ஒண்டையும் தொடாதேங்கோ எண்டுறன்." இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்.

இனி அப்பாவின் கதை. உனக்குத் தெரிந்தது பாதி. அப்பாவின் சலத்தில் நுரை வந்ததை முதலில் கண்டது நான். கிளினிக்கில் தாதி, அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கு ஒன்றைத் தந்து, "குடிக்கிறதையும் அளவுங்கோ, போறதையும் அளவுங்கோ, எழுதி வையுங்கோ," என்றார். நான் ஒரு நாளும் தவறவிடாமல் எழுதினேன். எத்தனை கோப்பை தண்ணீர், எத்தனை கோடு சலம், நுரை எவ்வளவு நேரத்தில் அடங்கியது, கால் வீக்கம் காலையில் எப்படி, பின்னேரம் எப்படி. அவருக்கு உப்பில்லாமல் சமைத்தேன். அவருக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று நானும் அப்படியே சாப்பிட்டேன். உனக்கு நான் சொன்னது "அப்பாவுக்குக் கொஞ்சம் சீனி வருத்தம்" என்பது மட்டும்தான். உன் இறுதி வருசச் சோதினை வந்துகொண்டிருந்தது.

அதே பொய்யைத்தான் ஏழாம் இலக்கத்துக்கும் சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவருடைய மகளை உனக்குப் பேசி வந்தபோது, அந்த மனுசன் முன்விறாந்தையில் இருந்துகொண்டு நேராகவே கேட்டார்: "அண்ணைக்கு என்ன வருத்தம்? ஒளிக்காமச் சொல்லுங்கோ அக்கா." நான் "கொஞ்சம் சீனி" என்றேன். அப்போது அப்பாவின் கால் செருப்புக்குள் போகாத காலம். தாலிப் பொன்னுருக்குக்கு நாளும் வைத்தாயிற்று. அந்தக் கிழமை ஏதோ கேட்கவென்று வந்தவர், முன்படலையில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்திருக்கிறார். நான் கிணற்றடியில் ஜக்கை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, குனிந்து கோடு வாசித்துக்கொண்டிருந்தேன். நுரை விளிம்புவரை நின்றது. அவர் ஜக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார்.

வாயைத் திறந்தது மற்றநாள் கமக்காரர் கூட்டத்தில். அப்பா முன் வரிசையில் இருந்தார். தண்ணீர்ப் பங்கு பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த இடத்தில், ஆரோ கலியாணத்தைப் பற்றிக் கேட்க, ஏழாம் இலக்கம் எழும்பி நின்று சொன்னார்: "சலத்தில சோப்பு நுரை தள்ளுற வீட்டுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கவோ? நாளைக்கு அவளும் கிணத்தடியில ஜக்கோட நிக்கவோ?" கூட்டம் சிரித்தது. அப்பா அந்த வீங்கிய காலோடு வரம்பால் நடந்து வீட்டுக்கு வந்தார். "உந்த ஜக்கை எறி," என்றார். அதுதான் அன்றைக்கு அவர் பேசிய ஒரே கதை. அதற்குப் பிறகு அவர் அளக்க விடவில்லை. சலம் போக வேலிக்கரைக்குப் போனார். கிளினிக் நாளில் வயலுக்குப் போனார். சோற்றுக்குள் உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பெரும்போக அறுவடைக்கு அவர் இல்லை. தாதி சொன்னபடி இருந்திருந்தால் எவ்வளவு காலம் இருந்திருப்பாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசி நாலு மாதத்துக்கு என் கொப்பியில் ஒரு எழுத்தும் இல்லை. வெறும் பக்கங்கள். அந்த வெறும் பக்கங்களை ஏழாம் இலக்கத்தின் வாய்தான் எழுதியது.

நீ அவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னாய். "விடுங்கோ அம்மா, அவர் தன்ர பிள்ளைக்குப் பயந்து சொன்னவர்." உனக்குச் செய்ததை நீ மன்னிக்கலாம், அது உன்னுடையது. அப்பாவின் நாலு மாதத்தை மன்னிக்க உனக்கு உரிமை இல்லை, எனக்கும் இல்லை. ஆறப்போட்டால் கோபம் போய்விடும் என்று உனக்கு ஆரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். என் கோபம் ஆறவில்லை, உறைந்தது. செத்தவீடு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு முன்னால் நேர்த்தி வைத்தேன்: அந்த மனுசனின் வாயால், நாலு பேருக்கு முன்னால், "பிழை" என்ற சொல் வரும்வரை வெள்ளிக்கிழமையில் உப்புத் தொடமாட்டேன். இன்றுவரை ஒரு வெள்ளியும் தவறவில்லை. ஜக்கையும் நான் எறியவில்லை. அலுமாரியில் உன் அப்பாவின் வேட்டிக்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது முன்பள்ளிக் கட்டடத்துக்கு வருகிறேன். ஆறு பேரின் போத்தல்களை எடுத்து முடித்தாயிற்று. வருத்தம் இல்லாதவர்கள் இரண்டு பேர் வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய், ஒருவர்தான் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, கூப்பிடாமலே, ஏழாம் இலக்கம் வந்தார். "என்னக்கா, உங்கட பெடியன்ர மெசினுக்கு நல்ல சலமும் வேணுமாம் எண்டு கேள்விப்பட்டன். இந்த ஊரில கல்லு மாதிரி இருக்கிறவன் நான்தானே." ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "நுரை இல்லாத சலம் எப்பிடி இருக்குமெண்டு பெடியன் ஒருக்காப் பாக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே போத்தலை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அப்போதுதான் பக்கத்துக் கோயிலில் பூசை மணி கேட்டது. வெள்ளிக்கிழமைப் பூசையை நான் விடுவதில்லை என்று உனக்குத் தெரியும். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். ஐயர் அபிஷேகப் பாலைத் தீர்த்தமாகத் தந்தார். குடித்துவிட்டு, உள்ளங்கையில் மிஞ்சினதை எல்லோரும் செய்கிற மாதிரித் தலையில் தடவிக்கொண்டேன். சாமி தந்ததைக் கழுவுவது உண்டோ? கழுவவில்லை. திரும்பி வர, அவர் மேசைக்கு முன்னால் போத்தலோடு நின்றார். மூடி கோணலாக இருந்தது. "மூடியை நீங்களே இறுக்குங்கோ, எனக்கு வேலை கிடக்கு." அந்த அவமானத்தில், கையுறை போடுகிற அளவுக்குக்கூட அவரை முன்னால் நிற்க விட எனக்கு மனமில்லை. வெறுங்கையால் மூடியைக் கழற்றி, விளிம்பை விரலால் துடைத்து, இறுக்கி, ஏழு என்று ஒட்டினேன். அவர் போனபிறகு கையுறை போட்டேன். எட்டாம் ஆள் வந்தார்.

ஆனால் கொப்பியில் எழுதினேன். என் கை அப்படி. "7. கையுறை இல்லை." செவ்வாய்க்கிழமை நீ போனை வைத்தவுடன் நான் முதலில் செய்த வேலை கொப்பியைத் திறந்து ஏழு ஆரென்று பார்த்ததுதான். பெயரைக் கண்டேன். பக்கத்தில் அந்த இரண்டு சொல்லையும் கண்டேன். கொப்பியை மூடிவிட்டுத் தேங்காய்ப்பூவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். உன்னைத் திரும்பக் கூப்பிட்டு, "தம்பி, அது பாலாகவும் இருக்கலாம்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிசம் போதும். நான் கூப்பிடவில்லை. அந்தக் கோடு அவருடையதாக இருக்கவேண்டும் என்று நான் விரும்பினேன். மகனே, அப்படி விரும்பினேன்.

பத்தொன்பதாம் நாள் கலியாணக் காட் வந்தது. உனக்குப் பேசிய அதே பெட்டைக்கு. மாப்பிள்ளை வீடு மாங்குளம். மாப்பிள்ளையின் தாய் சந்தியில் ரோட்டுக்கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறா என்பது எனக்கு முன்பே தெரியும். மற்றநாள் காலை குளித்து, திருநீறு பூசி, பரந்தனில் பஸ் மாறி மாங்குளத்தில் இறங்கினேன். எதற்கென்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் எங்களுக்கு என்ன சொன்னாரோ, அதே சொல்லை அதே கலியாணச் சமயத்தில் அவருக்குத் திருப்பிக் கொடுக்க. ஒரு சொல் போதும். கடையில் இருந்தேன். மாப்பிள்ளையின் தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. "பால் தேத்தண்ணியோ, பிளேன்ரீயோ அக்கா?"

"பிளேன்ரீ. பால் வேண்டாம்."

"எந்தப் பக்கம் நீங்கள்?"

"தர்மபுரம்."

"ஐயோ, எங்கட மருமோள் வாற ஊரெல்லே! அவையைத் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும்."

அவ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தா. "சனம் எப்பிடி? எங்கட ஆக்கள் விசாரிச்சவைதான். எண்டாலும் ஒரு பொம்பிளை சொல்லுற மாதிரி வருமோ? ஒளிக்காமச் சொல்லுங்கோ அக்கா."

ஒளிக்காமச் சொல்லுங்கோ அக்கா. எங்கள் முன்விறாந்தையில் அந்த மனுசன் கேட்ட அதே கேள்வி, சொல்லுக்குச் சொல். அன்றைக்கு ஒளித்தேன். இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன். சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அந்த நேரம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது அப்பாவின் முகமில்லை, சாமியின் முகமுமில்லை. என் சொந்தக் கையெழுத்து. "7. கையுறை இல்லை." பொய்யாக இருந்தால்? அவர் எங்களைப் பற்றிச் சொன்னது எவ்வளவு கேவலமாக இருந்தாலும் உண்மை. அவர் ஜக்கைக் கண்ணால் கண்டுதான் சொன்னார். நான் சொல்லப்போவது கோயில் பாலாக இருந்தால் நான் அவரிலும் கீழே போய்விடுவேன். ஐந்து வருசம் உப்பில்லாமல் காத்து வைத்திருந்த பழி ஒரு கழுவாத விரலால் பழுதாகிப் போகும். எனக்கு அளந்த பழி வேண்டும்.

"அவைக்கு வாய் நீளம்," என்றேன். "பெட்டை நல்ல பிள்ளை."

அவ உடம்பு குலுங்கச் சிரித்தா. "வாயெண்டா எங்கட வீட்டுக்காரரும் குறைவில்லை. ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளட்டும்." தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்த பஸ்ஸில் திரும்பினேன். வழி நெடுக எனக்கு என்மேல்தான் எரிச்சல்.

நேற்றுக் காலை ஏழாம் இலக்கத்தின் வீட்டுக்குப் போனேன். ஐந்து வருசத்தில் அந்தப் படலைக்குள் கால் வைத்தது நேற்றுத்தான். கலியாணத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பெயின்ற்காரர் ஏணியில். அவர் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அக்கா, காட் கிடைச்சதோ?"

"கிடைச்சது. நான் சலம் எடுக்க வந்தனான்."

ஏணியில் நின்றவனின் தூரிகை நின்றது. "உதென்ன கதை?" என்றார். "கலியாண வீட்டுக்கு வந்து ஆரும் சலம் கேக்கிறதோ?"

"போனமுறை எடுத்தது பழுதாப் போச்சு."

"கல்லு மாதிரி ஆளின்ர சலம் எப்பிடியக்கா பழுதாகும்?"

"உங்கட சலத்தில ஒண்டுமில்லை. பிழை என்ர. கையுறை போடாமல் மூடியைத் தொட்டிட்டன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எந்தச் சொல் அவருடைய வாயால், நாலு பேருக்கு முன்னால் வரவேண்டும் என்று காத்திருந்தேனோ, அது அவருடைய முற்றத்தில், இரண்டு பெயின்ற்காரருக்கு முன்னால், என் வாயால் வந்துவிட்டது. பிள்ளையாருக்கு இதில் என்ன விளையாட்டோ தெரியாது. ஏழாம் இலக்கம் சிரிப்பார் என்று காத்து நின்றேன். சிரிக்கவில்லை. போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது மூடியைத் தானே இறுக்கியிருந்தார். அதைத் தரும்போது பெயின்ற்காரருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அக்கா, முதல் போத்தலில ஏதும் கண்டதோ? கொஞ்ச நாளா விடிய எழும்பேக்க கண் ரெண்டும் ஊதிக்கிடக்கு. வீட்டில சொல்லேல்லை. கலியாணம் முடியட்டும் எண்டு பாக்கிறன்."

நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். இமைக்குக் கீழே அந்த வீக்கம். அப்பாவுக்கும் அங்கேதான் தொடங்கியது. ஒளிக்கிறார். பிள்ளையின் கலியாணத்துக்காக ஒளிக்கிறார், நான் ஒளித்த மாதிரியே. இதைக் கண்டு என் மனம் இளகியது என்று எழுதினால் நீ சந்தோசப்படுவாய். இளகவில்லை. என் நெஞ்சுக்குள் ஏதோ எழும்பி நின்று கை தட்டியது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது. "மகன் பாத்துச் சொல்லுவான். அதுவரைக்கும் உப்பைக் குறையுங்கோ." அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. உப்பில்லாமல் சமைத்துப் பழகின கை சொன்னதாக்கும்.

ஐஸ் பெட்டிக்குள் இரண்டு போத்தல் வைத்திருக்கிறேன். ஏழு என்று எழுதியது நேற்றுக் கையுறையோடு எடுத்தது. இலக்கமில்லாதது கோயிலுக்குக் கொடுக்கிற அதே மாட்டின் பால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டு. பழைய ஏழாம் போத்தலில் மிச்சம் இருந்தால் அதையும் விடு. புதிய கண்ணாடியில் குறுக்காக இன்னொரு வாய்க்கால் வெட்டியிருப்பதாகவும், ஒரே இடத்தில் நிற்கிற புரதங்களை அது பருமன் பார்த்துப் பிரிக்கும் என்றும், பாலினது சின்னது, ஆளினது பெரிது என்றும் சொன்னாய். அதில் விட்டுப் பார். எதுவானாலும் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று நீ சொல்வாய். தெரியும், அனுப்புவேன். வெறுங்கையோடு போய் "ஒருக்காக் காட்டுங்கோ" என்றால் அந்த மனுசன் கலியாணம், நாலாஞ்சடங்கு என்று மாதக்கணக்கில் இழுப்பார். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவரை அசைக்கலாம்.

பால் என்று வந்தால், எனக்கு ஏமாற்றம்தான். அதையும் கொப்பியில் எழுதுவேன். அவருடையது என்று வந்தால், மாங்குளத்துக்குப் போகமாட்டேன். அவருடைய வீட்டுக்குப் போவேன். அலுமாரியைத் திறந்து, வேட்டிக்குள் இருக்கிற ஜக்கை எடுத்துக் கழுவிக் கொண்டுபோய், அந்தப் பிளாஸ்டிக் கதிரைக்கு முன்னால் வைப்பேன். "உங்கட பிள்ளையைக் குடுக்கமாட்டன் எண்ட வீட்டுப் பெடியன்தான் இதைக் கண்டுபிடிச்சவன். நாளையில இருந்து இதில அளவுங்கோ," என்பேன். ஒவ்வொரு காலையும் நான் போவேன். அவருடைய முற்றத்தில், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, குனிந்து கோடு வாசிப்பேன். அப்பாவின் கொப்பியில் அந்த நாலு மாதத்து வெறும் பக்கங்கள் இருக்கின்றனவே, அதில்தான் எழுதுவேன். ஒரு நாளும் தப்ப விடமாட்டேன். அவர் சாகக்கூடாது. எண்பது வயதுவரை இருக்கவேண்டும், நான் வாசிக்கிற கோட்டைக் கேட்டுக்கொண்டு. இது பழி இல்லை என்று உன் சிநேகிதப் பிள்ளைகள் சொல்லக்கூடும். அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது.

பெட்டியைக் காலைப் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். ஐஸ் கரைய முன்னர் எடுத்துவிடு. கையுறை போட்டுக்கொண்டு திற. கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அவருடைய கண் நேற்றைக்கே அவ்வளவு வீக்கம். ஏழு பாலா, ஆளா என்று கெதியாகப் பதில் சொல்லு.

அம்மா